ஆய்வகத்திலிருந்து காப்புரிமை வரை: தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பன் பக்கம் மருத்துவம், பொறியியல் என்று முனைவர் பட்டத்துக்கோ போஸ்ட்டாக் வேலைக்கோ வந்து சேரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சரி, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் சரி, ஆய்வகத்தில் ஏதோ ஒன்று உருப்படியாக வேலை செய்ய ஆரம்பித்ததும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, இதுக்கு பேட்டன்ட் போடலாமா?" கண்டுபிடிப்பு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். வரிசைதான் தவறிப்போயிருக்கும். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசிக்கு விட்டுவிட்டு, கடைசியில் செய்ய வேண்டியதை முதல் வாரமே முடித்துவிட்டு வருவார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் எதை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். காப்புரிமையின் பெருமை பற்றி ஒரு வரியும் இல்லை.

உதாரணத்துக்கு ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். பச்சிளம் குழந்தையின் நெஞ்சில் கட்டும் ஒரு பட்டை. குழந்தையின் மூச்சு நின்றால் சத்தம் போடும், லோட் ஷெட்டிங் நேரத்திலும் பேட்டரியில் ஓடும். இப்படி ஒரு கருவி உங்கள் மேசையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

பக்க எண் போட்ட ஆய்வகக் குறிப்பேடு ஒன்று. ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் கையெழுத்தும், முக்கியமான நாட்களில் கண்டுபிடிப்பில் பங்கில்லாத ஒருவரின் சாட்சிக் கையெழுத்தும். காப்புரிமையை யார் முதலில் விண்ணப்பித்தார் என்று பார்த்துத்தான் கொடுக்கிறார்கள், குறிப்பேடு எதற்கு என்று கேட்பார்கள். யாருடைய யோசனை எது என்று பின்னால் சண்டை வரும்போதுதான் அதன் அருமை தெரியும். சண்டை வரும்.

அப்புறம், நீங்கள் பல்கலைக்கழகத்தில் சேரும்போது படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள்கள்: பதிவுப் படிவம், வேலை ஒப்பந்தம், உதவித்தொகைக் கடிதம். பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கையையும் இணையதளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கு எந்தெந்த இடத்திலிருந்து பணம் வந்தது என்று ஒரு பட்டியலும் வேண்டும், பழைய சென்சார் ஒன்றை வேறொரு திட்டத்திலிருந்து எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் அது உட்பட.

1. வாயை மூடிக்கொள்ளுங்கள்

முதல் படி எதையும் செய்வது இல்லை, செய்யாமல் இருப்பது. தென்னாப்பிரிக்கக் காப்புரிமைச் சட்டம், அதாவது 1978-ஆம் ஆண்டின் 57-ஆம் எண் சட்டம், கண்டுபிடிப்பு புதிதாக இருக்க வேண்டும் என்கிறது. விண்ணப்பிக்கும் தேதிக்கு முன்னால் உலகத்தில் எங்காவது, எழுத்திலோ பேச்சிலோ உபயோகத்திலோ, பொதுமக்களுக்குக் கிடைத்திருந்தால் அது புதிது இல்லை. நீங்களே வெளியிட்டிருந்தாலும் அதே கதைதான். அமெரிக்காவில் சொந்த வெளியீட்டுக்கு ஒரு வருடச் சலுகை உண்டு. அதைக் கேள்விப்பட்டுவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறவர்கள் ஏராளம். இங்கே பொதுவான சலுகைக் காலம் கிடையாது, ஐரோப்பாவிலும் கிடையாது. உங்கள் அனுமதியில்லாமல் ஒருவர் வெளியிட்டது, நியாயமான அளவில் நடத்திய தொழில்நுட்பச் சோதனை என்று குறுகிய விதிவிலக்குகள் மட்டும் இங்கே உண்டு. அவற்றை நம்பி இறங்காதீர்கள், வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு அவை உதவாது.

காப்புரிமை வேலைகளைக் கவனிக்கும் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "யாரிடமாவது காட்டினீர்களா?" ஒரு மாணவி, "இல்லை, அம்மாவிடம் மட்டும்தான்" என்றாள். அடுத்த பத்து நிமிடப் பேச்சில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. துறையின் ஆய்வு நாளில் போஸ்டர் வைத்திருக்கிறாள். மின்சுற்றின் படம் போஸ்டரின் வலது மூலையில் தெளிவாக இருக்கிறது. போஸ்டருக்கு முன்னால் நின்று எடுத்த புகைப்படத்தைத் துறையே முகநூலில் போட்டிருக்கிறது, அதைப் பெரிதாக்கினால் ரெசிஸ்டர் மதிப்பு வரை படிக்கலாம். "போஸ்டர்தானே அண்ணா, பேப்பர் இன்னும் போடலையே" என்றாள். சட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

எது வெளியீடு, எது இல்லை என்பதில்தான் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். மாநாட்டுச் சுருக்கம் வெளியீடுதான். அதிலும் சுருக்கங்கள் மாநாட்டுக்குச் சில வாரம் முன்னாலேயே இணையத்தில் ஏறிவிடும், ஆகவே நீங்கள் மேடை ஏறும் தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இதழில் வருவதற்கு முன்பே இணையத்தில் ஏற்றும் ப்ரீப்ரிண்ட், கிட்ஹப்பில் திறந்து வைத்த நிரல், மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி, வெளியாட்கள் வந்து உட்காரக்கூடிய கருத்தரங்கு எல்லாம் வெளியீடு. இதழுக்கு அனுப்பி மதிப்பீட்டில் இருக்கும் கட்டுரை பொதுவாக ரகசியமாகவே கருதப்படும், ஆனால் ஏற்றுக்கொண்ட பிறகு அது எந்த நிமிடமும் ஆன்லைனில் வந்துவிடும். பல்கலைக்கழக நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏறிய ஆய்வேடு, ஒருவர்கூடப் படிக்காவிட்டாலும், வெளியீடு. எம்பார்கோ கேட்டு விண்ணப்பித்தால் ஆய்வேட்டைக் குறிப்பிட்ட காலம் பூட்டி வைப்பார்கள். சமர்ப்பிக்கும்போதே கேளுங்கள், ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

இன்னொரு அழுத்தம் உண்டு, அதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். இங்கே கட்டுரை வெளியானால் உயர்கல்வித் துறையிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கு மானியம் வரும், அதனால் வழிகாட்டிப் பேராசிரியர் "சீக்கிரம் பேப்பர் போடு" என்று அவசரப்படுத்துவது இயல்பு. அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். "தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் (ஆறாம் படியில் வரும்) போன மறுநாளே கட்டுரையை அனுப்பிவிடலாம் சார்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட, விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் எழுதியிருந்தால்.

2. யார் பணம் என்று பாருங்கள்

கண்டுபிடித்தது நான், உரிமை எனக்குத்தான் என்று நினைப்பது இயற்கை. ஆனால் அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வுக்கென்றே 2008-ஆம் ஆண்டின் 51-ஆம் எண் சட்டம் இருக்கிறது, 2010 ஆகஸ்ட் 2 முதல் நடைமுறையில். அதன்படி உரிமை பல்கலைக்கழகத்துக்கு. கண்டுபிடித்தவருக்கு வருமானத்தில் பங்கு, அது கடைசிப் படியில் வரும்.

"எனக்கு வந்தது வெறும் உதவித்தொகைதான், அது ஆய்வு நிதி இல்லையே" என்று சட்டம் படித்த பிள்ளைகள் கேட்பார்கள். சரிதான், உதவித்தொகையை அந்தச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் நீங்கள் பயன்படுத்திய ஆஸிலோஸ்கோப், ரசாயனங்கள், உங்கள் வழிகாட்டியின் சம்பளம், ஆய்வகத்தின் மின்சாரம் இவையெல்லாம் யார் பணம்? அதற்கும் மேலே, மாணவர் பதிவுப் படிவத்திலேயே பல பல்கலைக்கழகங்கள் உரிமையை எழுதி வாங்கிக்கொள்கின்றன. இந்தக் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

தனியார் பணம் வந்திருந்தால் நன்றாகக் கவனியுங்கள். கரும்பு ஆலை ஒன்று கொதிகலன் சென்சார் ஆய்வுக்குப் பணம் கொடுக்கிறது என்று வையுங்கள். ஆய்வின் முழுச் செலவையும், அதாவது நேரடிச் செலவோடு கட்டடம், நிர்வாகம் முதலான மறைமுகச் செலவையும் சேர்த்து ஆலை கொடுத்திருந்தால் மட்டுமே அந்தச் சட்டம் பொருந்தாது. பொருள் வாங்கக் கொடுத்தார்கள், மாணவருக்குப் படித்தொகை கொடுத்தார்கள், மீதியைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொண்டது என்றால் சட்டம் பொருந்தும். ஆலைக்காரர் "நாங்கள்தான் காசு போட்டோம், எல்லாம் எங்களுக்கே" என்று கைகுலுக்கிப் பேசியதெல்லாம் அப்போது செல்லாது. இதை ஆய்வு தொடங்கும் முன்னால், ஒப்பந்தம் எழுதும்போதே தெளிவாக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு பேசினால் இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

3. ஏற்கனவே யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடுங்கள்

ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடிவிட்டு "உலகத்திலேயே முதன்முறை" என்று எழுதிக்கொண்டு வருவது வழக்கமான தவறு. கம்பெனிகள் கட்டுரை எழுதுவதில்லை, காப்புரிமை போடும். காப்புரிமைகளைத் தேடும் இணையதளங்களான எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ், பேட்டன்ட்ஸ்கோப் மூன்றும் இலவசம்.

வெறும் சொற்களால் தேடினால் பாதிதான் கிடைக்கும், ஏனென்றால் காப்புரிமை எழுதுகிறவர்கள் பட்டையைப் பட்டை என்று எழுத மாட்டார்கள், "நெகிழ்வுத்தன்மை கொண்ட நீள்வடிவ உறுப்பு" என்பார்கள். ஒவ்வொரு காப்புரிமையிலும் அதன் துறையைக் காட்டும் வகை எண் இருக்கும், அதை வைத்துத் தேடுங்கள். நோயறியும் கருவிகள் ஏ61பி, செயற்கை உறுப்புகளும் ஸ்டென்ட்டும் ஏ61எஃப், உடலுக்குள் மருந்து செலுத்தும் கருவிகள் ஏ61எம், மருந்துக் கலவைகள் ஏ61கே. நம் பட்டைக்கு ஏ61பி 5/08, மூச்சை அளப்பவை. முதலில் சொற்களால் தேடி நெருங்கிய ஒன்றைப் பிடியுங்கள், அதன் மேல் போட்டிருக்கும் வகை எண்ணை எடுத்து மறுபடி தேடுங்கள், அப்புறம் அது மேற்கோள் காட்டியவற்றையும் அதை மேற்கோள் காட்டியவற்றையும் பாருங்கள்.

நெருக்கமான ஒன்று கிடைத்தால் மூடிவிட்டு ஓடாதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். ஐந்தாறு நெருங்கிய ஆவணங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் இல்லாதது நம்மிடம் என்ன இருக்கிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். எல்லோரும் அழுத்தத்தை அளக்கிறார்கள், நாங்கள் தாயின் அசைவைக் கழித்துவிட்டு அளக்கிறோம், இந்த மாதிரி. கங்காரு முறையில் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருக்கும் குழந்தைக்கு அந்த ஒரு வரிதான் முழுக் கண்டுபிடிப்பும்.

4. கண்டுபிடித்தவர் யார் என்று முடிவு செய்யுங்கள்

கட்டுரையில் பெயர் போடும் பழக்கம் வேறு, இது வேறு. கண்டுபிடிப்பின் கருத்தில் யாருக்குப் பங்கு இருக்கிறதோ அவர்தான் கண்டுபிடித்தவர். துறைத் தலைவர் என்பதற்காகப் பெயர் போட முடியாது. சொன்னபடி சாலிடர் வைத்துக் கொடுத்த டெக்னீஷியன் கண்டுபிடித்தவர் இல்லை. ஆனால் அதே டெக்னீஷியன் "சென்சாரை நெஞ்சில் வைக்காதே, விலாவின் ஓரமாகச் சாய்த்து வை, அப்போதுதான் தாயின் மூச்சு கலக்காது" என்று சொல்லி அதனால்தான் கருவி வேலை செய்தது என்றால், அவர் கண்டுபிடித்தவர். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், வேண்டுமென்று இல்லை, அவர் பெயர் மனதில் வராது. யாருக்கும் கடிந்துகொள்ள மனம் வராத கட்டத்தில், அதாவது பணம் வருவதற்கு முன்னால், எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசி முடியுங்கள். யாருக்கு எத்தனை சதவீதம் என்பதையும் அன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதாவிட்டால் பொதுவாகச் சமபங்கு.

கூட்டாளிகளில் ஒருவர் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ உட்கார்ந்திருக்கிறாரா? அப்படியானால் ஒரு படி கூடுதல். இந்தியாவில் வசிப்பவர் பங்குபெற்ற கண்டுபிடிப்புக்கு வெளிநாட்டில் விண்ணப்பிக்கும் முன் இந்தியக் காப்புரிமை அலுவலகத்திடம் 25-ஆம் எண் படிவத்தில் அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் முதலில் இந்தியாவில் விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அங்கே சட்டத்தின் 39-ஆம் பிரிவு அப்படி. குடியுரிமை கணக்கில்லை, வசிப்பிடம்தான் கணக்கு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு டர்பனில் குடியிருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆறு மாதத்துக்கு ஊருக்குத் திரும்பிப் போய் அங்கிருந்தபடியே வேலை செய்தவரைப் பற்றி மட்டும் வழக்கறிஞரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

5. அறிவிப்புப் படிவத்தைக் கொடுங்கள்

கண்டுபிடிப்பாக இருக்கலாம் என்று உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள், அதுவும் வெளியே சொல்வதற்கு முன்னால், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இது சட்டம், மரியாதைக்குச் செய்வது இல்லை. தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் இதற்கென்று படிவம் இருக்கும்.

படிவத்தில் ஆட்கள் வழுக்கும் இடம் "கண்டுபிடிப்பை விவரிக்கவும்" என்ற கட்டம். அங்கே கட்டுரையின் முன்னுரையை ஒட்டிவிடுவார்கள்: தென்னாப்பிரிக்காவில் சிசு மரணம் எவ்வளவு, கிராமப்புறக் கிளினிக்குகளின் நிலை என்ன என்று அரைப் பக்கம். படிப்பவருக்குத் தேவை அது இல்லை. என்ன பிரச்சினை (இரண்டு வரி), இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள் (இரண்டு வரி), நீங்கள் என்ன செய்தீர்கள் (வேண்டிய அளவு), அதில் எந்த அம்சம் இல்லாவிட்டால் வேலை செய்யாது. அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத முடியவில்லை என்றால் கண்டுபிடிப்பு இன்னும் உங்களுக்கே பிடிபடவில்லை என்று பொருள், ஆய்வகத்துக்குத் திரும்பிப் போங்கள்.

ஏற்கனவே யாரிடமாவது சொல்லியிருந்தால் தேதியோடு எழுதுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், பின்னால் லட்சக்கணக்கில் ராண்ட் செலவழித்த பிறகு ஐரோப்பியப் பரிசோதகர் அந்த முகநூல் படத்தைத் தேடி எடுத்து வைப்பார்.

படிவம் கொடுத்த கையோடு பதில் வராது. பல்கலைக்கழகம் வேண்டாம் என்று முடிவு செய்தால் அதை நிப்மோ என்ற தேசிய அறிவுசார் சொத்து மேலாண்மை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்களும் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் உங்களுக்கே திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. எழுத்தில் வாங்குங்கள். "ஆபீஸில் இன்ட்ரஸ்ட் இல்லைன்னு சொன்னாங்க" என்று வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு சொந்தமாக விண்ணப்பிக்கப் போகாதீர்கள்.

6. தற்காலிக விண்ணப்பம்

இதுதான் தேதியைப் பிடித்து வைக்கும் படி. நிறுவனங்களுக்கும் அறிவுசார் சொத்துக்குமான அரசு ஆணையமான சிஐபிசி அலுவலகத்தில் பி6 படிவம், அரசுக் கட்டணம் 60 ராண்ட், ரொட்டிக்குள் கறிக்குழம்பு ஊற்றிக் கொடுக்கும் ஒரு பன்னி சௌ விலையை விடக் குறைவு. தற்காலிக விண்ணப்பத்தைச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் தாங்களே போடலாம், முழு விண்ணப்பத்துக்குத்தான் காப்புரிமை வழக்கறிஞர் கட்டாயம். 60 ராண்ட் என்பதால்தான் ஆபத்து. இரவோடு இரவாக மாநாட்டுச் சுருக்கத்தை ஒட்டி அனுப்பிவிட்டு "பேட்டன்ட் பென்டிங்" என்று மறுநாள் மேடையில் சொல்லுவார்கள். தற்காலிக விண்ணப்பத்தில் எது எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் அந்தத் தேதி கிடைக்கும். சுருக்கத்தில் இல்லாத விவரம் எல்லாம் மறுநாள் மேடையில் செத்துவிட்டது.

ஆகவே பரப்பி எழுதுங்கள். பியசோ சென்சார் வைத்துச் செய்தீர்கள், சரி. வேறு எந்தெந்தச் சென்சார் வைத்தாலும் இதே யோசனை வேலை செய்யும்? ஒன்று நெஞ்சில், ஒன்று வயிற்றில் வைத்தால்? இரண்டுக்குப் பதில் மூன்று? பட்டை துணியா, சிலிக்கோனா, ஒட்டும் பேட்ச்சா? மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது வரும் வோல்டேஜ் துள்ளலை எப்படித் தாங்குகிறது? வேலை செய்த எண்களை எழுதுங்கள், வேலை செய்யக்கூடிய வீச்சையும் எழுதுங்கள். உங்களை ஒருவர் ஏமாற்றிச் சுற்றிப் போக நினைத்தால் எதை மாற்றுவார் என்று யோசித்து, அந்த மாற்றத்தையும் நீங்களே எழுதிவிடுங்கள்.

மருத்துவத்துறை ஆட்களுக்குத் தனியாக ஒன்று. மனித உடலில் செய்யும் அறுவைச் சிகிச்சை முறை, சிகிச்சை முறை, நோயறியும் முறை ஆகியவற்றுக்கு இங்கே காப்புரிமை இல்லை. "சிசுவின் மூச்சுத்தடையைக் கண்டறியும் முறை" என்று எழுதினால் அடிபடும். "இன்னின்ன பாகங்கள் கொண்ட கருவி" என்று எழுதினால் தடையில்லை. தெரிந்த மருந்துப் பொருளுக்குப் புதிய மருத்துவப் பயன் கண்டிருந்தாலும் வழி உண்டு, எழுதும் விதத்தில்தான் இருக்கிறது. நிரலாளர்களே, கணினி நிரல் தன்னளவில் விலக்கப்பட்டது, கணித முறையும் அப்படியே. சென்சாரோடும் அலாரத்தோடும் சேர்த்து எழுதுங்கள்.

தாவரங்களில் வேலை செய்பவர்கள், டர்பனின் வார்விக் சந்தையில் முத்தி என்ற ஆப்பிரிக்க நாட்டு மருந்து மூலிகை வாங்கிச் சாறெடுத்துச் சோதிப்பவர்கள், இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நாட்டின் உயிரியல் வளமோ பாரம்பரிய அறிவோ கண்டுபிடிப்பில் இருந்தால் முழு விண்ணப்பத்தோடு பி26 என்ற உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும், அதற்குப் பின்னால் உயிர்ப்பன்மைச் சட்டத்தின்படி அனுமதியும், அந்த அறிவுக்குச் சொந்தமான சமூகத்தோடு பலன் பகிரும் ஒப்பந்தமும் கேட்பார்கள். சான் பழங்குடியினர் பயன்படுத்தி வந்த ஹூடியா செடி விவகாரத்தில் தென்னாப்பிரிக்காவின் சிஎஸ்ஐஆர் ஆய்வு நிறுவனம் அந்த மக்களோடு 2003-இல் ஒப்பந்தம் போட்டது, காப்புரிமை போட்டுப் பல வருடம் கழித்து. இன்றைக்கு அந்த வரிசையில் செய்ய முடியாது. மூலிகையை எந்த வைத்தியர் எதற்கென்று சொன்னார் என்பதை முதல் நாளே குறிப்பேட்டில் எழுதுங்கள்.

7. நெறிமுறைக் குழுவும் வார்டும்

இந்தப் படியை ஏழாவதாகப் போட்டிருக்கிறேன், ஆனால் விண்ணப்பம் எழுத ஆரம்பிக்கும்போதே, நோயாளிகளிடம் சோதிக்க அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கும் விண்ணப்பம் தயார் செய்ய வேண்டும், அது மெதுவாக நகரும் வண்டி. அனுமதி இல்லாமல் எடுத்த நோயாளித் தரவுக்குப் பின்தேதியிட்ட அனுமதி கிடையாது. அந்தத் தரவு ஆய்வேட்டுக்கும் உதவாது, பின்னால் மருந்தையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அமைப்பான சாப்ராவிடம் காட்டவும் உதவாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவும் இருக்கிறது, மாணவர் மடிக்கணினியில் பெயரோடு கூடிய எக்செல் கோப்பு கிடந்தால் யாரும் காப்பாற்ற முடியாது.

வரிசை இப்படி இருக்கட்டும்: குழுவுக்கு விண்ணப்பம், அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம், அப்புறம் சோதனைப் பதிவேட்டில் பதிவு, அப்புறம் வார்டு. ஏனென்றால் மருத்துவச் சோதனைப் பதிவேடு பொதுமக்கள் பார்க்கக்கூடியது, அங்கே கருவியை விவரித்துவிட்டால் வெளியீடு ஆகிவிடும். நோயாளிக்குக் கொடுக்கும் தகவல் தாளிலும் கருவி என்ன செய்யும் என்று எழுதினால் போதும், எப்படிச் செய்கிறது என்று எழுத வேண்டாம். நாங்கோமாவிலோ ஜோஸினியிலோ கிளினிக்கில் கொண்டுபோய் வைக்கப் போகிறீர்கள் என்றால், நர்ஸ் அக்காமாரிடம் ரகசிய உறுதிமொழியில் கையெழுத்து வாங்கத் தயங்காதீர்கள். அவர்களை நம்பாததால் கேட்கவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கருவி என்றாவது விற்பனைக்குப் போக வேண்டுமென்றால் சாப்ரா பார்க்கும் தாள்கள் இப்போதிருந்தே சேர வேண்டும். மருத்துவக் கருவிகளை ஆபத்தைப் பொறுத்து ஏ முதல் டி வரை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஐஎஸ்ஓ 13485 தர முறை, ஐஎஸ்ஓ 14971 ஆபத்துக் கணக்கு, மின்கருவியானால் ஐஇசி 60601. ஒவ்வொரு வடிவமைப்பு மாற்றத்தையும் தேதியும் காரணமும் போட்டு எழுதி வைத்தால், பின்னால் கம்பெனிக்காரர் பாதி வேலை முடிந்தது என்று மகிழ்வார்.

8. அந்த 12 மாதம்

தற்காலிக விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பமோ பிசிடி என்ற சர்வதேச விண்ணப்பமோ போட வேண்டும். உள்நாட்டு முழு விண்ணப்பத்துக்கு மட்டும் கட்டணம் கட்டி மூன்று மாதம் நீட்டிக்கலாம். இந்த மூன்று மாதத்தை வெளிநாட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கெட்டவர்கள் உண்டு. வெளிநாட்டுக்கு 12 என்றால் 12.

பிசிடி போட்டால் முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 18-ஆம் மாதம் உலகத்துக்கு வெளியாகும், 30-ஆம் மாதத்துக்குள் (தென்னாப்பிரிக்காவில் 31) எந்தெந்த நாடு என்று தேர்ந்தெடுத்துப் பணம் கட்ட வேண்டும். நடுவில் வரும் தேடல் அறிக்கைதான் உங்கள் கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு வெளியாள் முதன்முதலாகச் சொல்லும் நேர்மையான கருத்து. ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், தென்னாப்பிரிக்காவில் காப்புரிமை விண்ணப்பங்களின் உள்ளடக்கத்தைப் பரிசோதிக்காமலே வழங்கி வந்திருக்கிறார்கள், தாள்கள் முறையாக இருந்தால் போதும். 2021 ஜூலையில் டாபஸ் என்ற செயற்கை நுண்ணறிவைக் கண்டுபிடித்தவராகக் காட்டிய விண்ணப்பத்துக்கு இங்கே காப்புரிமை கிடைத்தது, அமெரிக்காவும் பிரிட்டனும் ஐரோப்பாவும் அதே விண்ணப்பத்தை நிராகரித்தன. ஆகவே உள்ளூர்ச் சான்றிதழை ஃபிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டலாம், தம்பி, ஆனால் அதை வைத்து முதலீட்டாளரை நம்ப வைக்க முடியாது. முதலீட்டாளர் தேடல் அறிக்கையைத்தான் கேட்பார்.

இந்த 12 மாதத்தில் செய்ய வேண்டியது சோதனைகளை முடிப்பது, யார் வாங்குவார்கள் என்று பார்ப்பது, பணம் தேடுவது. டிஐஏ என்ற தொழில்நுட்பக் கண்டுபிடிப்பு முகமையின் விதை நிதிக்குப் பரிமாற்ற அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம். புதிதாக ஏதாவது சேர்ந்தால் அதற்கு இன்னொரு தற்காலிக விண்ணப்பம் போட்டு, 12-ஆம் மாதத்தில் எல்லாவற்றையும் சேர்த்து முழு விண்ணப்பமாக்கலாம். 10-ஆம் மாதம் வரை கருவி வேலை செய்யவில்லை, பணமும் இல்லை, ஆனால் வெளியே எங்கேயும் மூச்சு விடவில்லை என்றால் பழையதை முறையாகத் திரும்பப் பெற்றுவிட்டு புதிதாகப் போட்டுத் தேதியைத் தள்ளிப்போடலாம். வெளியே சொல்லிவிட்டவர்களுக்கு இந்த வழி அடைந்துவிட்டது. முதல் படியை ஏன் அத்தனை நீளமாக எழுதினேன் என்று இப்போது தெரிகிறதா?

9. கம்பெனியோடு பேசுவது

ரகசிய ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் மின்சுற்றுப் படம், அதற்கு முன்னால் "என்ன செய்யும்" மட்டும். அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போட முடியாது, பல்கலைக்கழகம்தான் போட வேண்டும், உரிமை அவர்களுடையது. கல்யாண வீட்டில் சந்தித்த தொழிலதிபர் மாமா நல்லவராகவே இருக்கலாம், அவரிடமும் இதே விதிதான்.

அரசுப் பணத்தில் வந்த கண்டுபிடிப்புக்கு உரிமம் கொடுக்கும்போது சட்டம் சில முன்னுரிமைகள் வைத்திருக்கிறது: ஒருவருக்கே எழுதிக் கொடுக்காத உரிமத்துக்கு, சிறு நிறுவனங்களுக்கு, கறுப்பினத்தவர் பொருளாதார மேம்பாட்டுத் திட்டமான பிபிபிஇஇ-யில் வரும் நிறுவனங்களுக்கு. உரிமையை வெளிநாட்டுக் கம்பெனிக்கு மாற்றவோ ஏகபோக உரிமம் கொடுக்கவோ நிப்மோவின் ஒப்புதல் வேண்டும். "அடுத்த மாதம் கையெழுத்துப் போடலாம்" என்று பெங்களூர்க் கம்பெனிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

விற்பனையை ரகசியமாக முதலில் ஆரம்பித்துவிட்டு அப்புறம் காப்புரிமை போடலாம் என்றும் சிலர் யோசிப்பார்கள். இங்கே உள்நாட்டில் வியாபார அளவில் ரகசியமாகப் பயன்படுத்தினாலும் புதுமை போய்விடும்.

10. பணம் வந்தால்

முதல் பத்து லட்சம் ராண்ட் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் கண்டுபிடித்தவர்களுக்கு. அதற்கு மேல் வருவதில், காப்புரிமைச் செலவு போன்றவற்றைக் கழித்த நிகர வருமானத்தில், குறைந்தது 30 சதவீதம். நான்கு லட்சம் ராண்ட் வந்தால் 80,000, நான்கு பேர் என்றால் ஆளுக்கு 20,000, வரி தனி. இதை முதலிலேயே போட்டுப் பார்த்தால் வீட்டில் "பேட்டன்ட் வந்துருச்சு, இனி வேலைக்குப் போக வேண்டாம்" என்று பேச்சு எழாது. பல்கலைக்கழகக் கொள்கை இதைவிட அதிகமாகக் கொடுக்கலாம், குறைக்க முடியாது.

காப்புரிமை 20 வருடம், ஆனால் மூன்றாவது வருட முடிவிலிருந்து ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டுவது பல்கலைக்கழகம். உரிமம் வாங்க ஆளில்லாவிட்டால் ஒரு நாள் நிறுத்திவிடுவார்கள், நிறுத்தும் முன் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு வையுங்கள்.

இந்தப் பங்கு நீங்கள் பல்கலைக்கழகத்தை விட்டுப் போனாலும் உங்களுடையது, உங்களுக்குப் பின் வாரிசுகளுக்கும் உண்டு. ஆனால் மாணவர் மின்னஞ்சல் முகவரி படிப்பு முடிந்ததும் செத்துவிடும், டர்பன் வங்கிக் கணக்கை ஊருக்குப் போகும்போது மூடிவிடுவீர்கள். போவதற்கு முந்தின வாரம் பரிமாற்ற அலுவலகத்துக்குப் போய்ச் சொந்த மின்னஞ்சல், ஊர் முகவரி, வரி எண், வாரிசின் பெயர் நான்கையும் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.